மெல்லிசுக் குச்சியோட சத்தம்

எங்கப்பா அடிக்கிற தப்பு சத்தத்த எவனுமே ஒழுங்கா பதிவு பண்ணினதில்ல. திருவிழா அன்னிக்கு ஆளாளுக்கு ஃபோன்ல எடுப்பானுக, மறுநாளே ஃபேஸ்புக்ல போடுவானுக. போட்டுக் கேட்டா, படிக்கட்டுல தகர டின்ன உருட்டி விட்ட மாதிரி இருக்கும். எனக்குப் பத்திக்கிட்டு வரும். பதுளை டவுன்ல ஸ்டூடியோ வச்சிருக்கிறவன் நான். மீன் லொறிக்கு அறிவிப்பு, எலக்சனுக்கு ஓட்டுக் கேக்குறது, செத்த வீட்டு அறிவித்தல், பிறந்தநாள் பாட்டுன்னு ஊரான் சத்தத்தையெல்லாம் கழுவித் தொடச்சுக் குடுக்குறது என் பொழப்பு. பெத்த அப்பன் சத்தம் மட்டும் டின்னு சத்தமாவே கெடந்துச்சு.

தப்பு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். வட்டமான மரச் சட்டத்துல மாட்டுத் தோல இழுத்து ஒட்டின கொட்டு அது. தோள்ல மாட்டிக்கிட்டு நின்னுதான் அடிக்கணும். ஒரு கையில கட்டைக் குச்சி, இன்னொரு கையில மூங்கில் சிம்பு மாதிரி மெல்லிசா நீளமா ஒரு குச்சி. கட்டைக் குச்சி போடுற அடி மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும். அதுக்கு எடையில இந்த மெல்லிசுக் குச்சி சுருக்கு சுருக்குன்னு பேசும் பாருங்க, அதுலதான் அடிக்கிறவன் யாருன்னு தெரியும். எங்கப்பா மெல்லிசுக் குச்சிய நான் நூறு பேருக்கு நடுவுல கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். ஃபோன்ல அது விழவே விழாது.

அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்துச்சு. ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சாதாரணமாச் சொன்னாரு. "நா அடிக்கிறத நா கேட்டதே இல்லடா. அடிக்கிறவனுக்கு அடி கேக்காது, கை வலிதான் தெரியும். ஒரு தடவ வெளிய நின்னு கேக்கணும், சனங்க கேக்குற மாதிரி." சொல்லிட்டு சோத்தப் பெசைய ஆரம்பிச்சிட்டாரு.

எங்க தேயிலைத் தோட்டம் கொஸ்லந்தைக்கு அங்கிட்டு. பேரு வேணாம், பேரு சொல்லி என்ன ஆகப் போகுது. அங்க மாரியம்மன் கோயில் திருவிழான்னா அப்பா அடிக்காம சாமி வெளிய வராது. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து அவருதான் சாமிக்கு முன்னால போறாரு. போறாருன்னா, ரோட்டுலதான். கோயில் வாசல் வந்ததும் அவரு கால் தன்னால நின்னுரும். சாமி உள்ள போகும், சனம் உள்ள போகும், அப்பா வெளிய நின்னு அடிச்சிக்கிட்டிருப்பாரு. பூசை முடிஞ்சு பூசாரி வெளிய வருவாரு. அப்பா ரெண்டு கையையும் ஏந்துவாரு. ஒரு முழம் ஒசரத்துலருந்து துண்ணூறு விழும். மத்தவங்க நெத்தியில பூசாரியே வெரலால வச்சு விடுவாரு, அப்பாவுக்கு மேலருந்து விழும். மழை பேஞ்சா கையில விழுறதுக்குள்ள பாதி கரைஞ்சிரும்.

"இந்தக் காலத்துல இதெல்லாம் எங்கங்க இருக்கு"ன்னு கொழும்புல ஒருத்தரு எங்கிட்டக் கேட்டாரு. திருவிழாவுக்கு வாங்க சார்னு சொன்னேன். வரல.

போன வருசம் கோயில் கமிட்டித் தலைவர் ஃபோன் பண்ணினாரு. பக்கத்துத் தோட்டத்துக் கோயிலுக்குப் பாட்டு ஆல்பம் போட்டுட்டாங்களாம், நம்ம ஆத்தாவுக்கு இல்லாட்டி மரியாதை என்ன ஆகுறதுன்னு கேட்டாரு. மார்கழி பஜனைக்குப் பாடுற பொம்பளைங்க பாடுவாங்க, நான் எடுத்துக் குடுக்கணும். "நம்ம தோட்டத்துப் புள்ள நீங்க இருக்கும்போது வெளிய எதுக்கு தம்பி போகணும்?" இப்பல்லாம் நான் தம்பி, நீங்க. சின்ன வயசுல அதே வாயிலதான் "டேய், தப்புக்காரன் மவனே"ன்னு கூப்பிடுவாரு.

"ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால கொஞ்சம் தப்பு வரணும் தம்பி, அப்பதான் களை கட்டும்"னாரு.

"அப்பாவையும் மண்டபத்துக்குள்ள, பாடுறவங்களோடயே நிக்க வச்சு எடுத்திரலாமுங்க. ஒண்ணா அடிச்சுப் பாடினாத்தான் உயிரு இருக்கும்"னேன்.

தலைவர் சிரிச்சாரு. "அது எதுக்கு தம்பி? தனித்தனியா எடுத்துச் சேத்துக்கலாமே. இப்பத்தான் அந்த வசதியெல்லாம் வந்திருச்சுல்ல."

வந்திருச்சுதான். தனித்தனியா எடுத்து, பக்கத்துல பக்கத்துல நின்ன மாதிரி காட்டுறதுதான் என் தொழிலே. அவரு சொன்னதுல தொழில்படி ஒரு கொறையும் கண்டுபிடிக்க முடியல. ஃபோன வச்சதுக்கப்புறம் வாய்க்கு வந்ததையெல்லாம் செவுத்தப் பாத்துத் திட்டினேன்.

திட்டி முடிச்சதும் ஒண்ணு தோணுச்சு. சரிடா, அவர உள்ள விடமாட்டீங்க. அவரு அடி உள்ள வருமுல்ல? மண்டபத்துக்குள்ள ரெண்டு பெரிய ஸ்பீக்கர் தொங்குது. மெல்லிசுக் குச்சி மொதக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாம, ஆத்தா சன்னிதிக்கு முன்னால எங்கப்பன நிக்க வைக்கிறேன் பாருன்னு மனசுக்குள்ள சபதம் போட்டேன். அதுக்கு நல்ல மைக் வேணும்.

எங்கிட்ட அப்ப இருந்தது ஒரு பெரிய மைக். வாழப்பூ அளவுக்குத் தலை, அதுக்கு வலை போட்ட தொட்டில், முன்னால துணி வட்டம். வர்றவங்களுக்கு அதப் பாத்தாலே போதும், பக்கத்துல நின்னு ஒரு ஃபோட்டோ எடுத்துக்குவாங்க. மனுசக் கொரலுக்கு அது சக்கரை. கரகரன்னு பேசுறவனையும் கனிவாக் காட்டிரும். ஆனா கொட்டுக்கு ஆகாது. முன்னாடி ஒருக்கா அப்பாவ அதுல எடுத்துப் பாத்திருக்கேன். கட்டைக் குச்சி தொம்முன்னு விழுந்துச்சு, மெல்லிசுக் குச்சி கூழுக்குள்ள முங்கிருச்சு.

ரெண்டு வாரம் தேடிப் படிச்சேன், வீடியோ பாத்தேன். எல்லாரும் ஒண்ணத்தான் சொன்னாங்க. கொட்டு, கிட்டார், மணி மாதிரி சுருக்குன்னு வர்ற சத்தத்துக்குச் சின்ன டயஃப்ரம் கண்டென்சர் மைக்தான் சரி. டயஃப்ரம்னா மைக்குக்குள்ள இருக்கிற மெல்லிசுத் தோலு. சத்தம் வந்து மோதினதும் அது ஆடுது. தோலு பெருசா இருந்தா ஆடி நிக்கக் கொஞ்சம் நேரமாகும். சின்னதா இருந்தா அடி விழுந்த கையோட ஆடி, அடுத்த அடிக்குத் தயாரா நின்னுரும்.

மோட்டார் சைக்கிள வித்தேன். ரயிலேறிக் கொழும்புக்குப் போயி, ஒரு சிநேகிதன் வீட்டுல தங்கி, காலையில கடைக்குப் போனேன். கடையில தமிழ் பேசுற ஒரு பையன் இருந்தான், நல்லாத் தொழில் தெரிஞ்சவன். "என்ன ரெக்கார்ட் பண்ணப் போறீங்க அண்ணே?"ன்னான்.

"பெர்கஷன்"னேன்.

"என்ன பெர்கஷன், தபேலாவா, மிருதங்கமா?"

"அந்த மாதிரிதான்"னேன்.

த்தூ. மோட்டார் சைக்கிள வித்து, மலை எறங்கிப் போயி, எங்கப்பன் கொட்டுக்குன்னு மைக் வாங்கப் போன எடத்துல, அந்தக் கொட்டு பேரு என் வாயில வரல. கமிட்டித் தலைவர மட்டும் திட்டி என்ன பிரயோசனம்? எனக்குள்ளயும் ஒரு கோயில் வாசல் இருக்கு, அங்கயும் அப்பா வெளியதான் நிக்கிறாரு.

பையன் மூணு மைக்க எடுத்து வச்சான். ஒண்ணு நான் வச்சிருக்கிற மாதிரியே பெருசு, ஆனா பளபளன்னு. மத்த ரெண்டும் சின்னது, பேனா டார்ச் மாதிரி வெரல் தண்டிக்கு இருந்துச்சு. ஒண்ணு சுத்தி வர்ற எல்லாத்தையும் கேக்குமாம், இன்னொண்ணு முன்னால இருக்கிறத மட்டும் கேக்குமாம். அவன் ஒரு வேலை செஞ்சான். கடைச் சாவிக் கொத்த எடுத்து ஒவ்வொரு மைக் முன்னாலயும் குலுக்கினான், எனக்கு ஹெட்ஃபோன மாட்டி விட்டான். பெரிய மைக்குல சாவி சலசலன்னு ஒரே கூட்டமாக் கேட்டுச்சு. சின்னதுல எத்தனை சாவின்னு எண்ணிரலாம்.

நாலு செவுரும் முட்டைத் தட்டு ஒட்டின என் ரூமுக்குச் சுத்தி வர்றதெல்லாம் கேட்டா கீழ பஸ் ஹாரனும் சேந்து வரும். அதனால முன்னால மட்டும் கேக்குறதத் தொட்டேன். பையன் நேர்மையாச் சொன்னான். "வாய்ஸுக்கு இத எடுக்காதீங்க அண்ணே. பெரிய மைக்குனா கொஞ்சம் சேத்து, மெழுகி, அழகாத் தரும். இது உள்ளத உள்ளபடி காட்டிரும், ஆளுங்களுக்குப் பிடிக்காது." அந்தப் பெரிய மைக் வெலையிலயும் கொறைவு, வாங்கிட்டுப் போனா ஊர்ல கௌரவமும் கூட. ஒரு நிமிசம் கை அதுமேல போச்சு. இல்ல, எனக்கு உள்ளது உள்ளபடிதான் வேணும்னு சொல்லிச் சின்னத வாங்கிட்டு வந்தேன்.

அப்பா பதுளைக்கு வந்தப்ப அத எடுத்துக் காட்டினேன். "இதா? கரண்ட் போனா வெளிச்சம் அடிக்கிறதுன்னுல்ல நெனச்சேன்"னு சிரிச்சாரு. உள்ள ஒரு தோலு இருக்கு, சின்னத் தோலு, அதான் வெசைன்னு வெளக்க ஆரம்பிச்சேன். முடிக்க விடல. "ஆமா, பெரிய தோலு மெதுவாத்தான் திரும்பும். சின்னதுன்னா வெரல் பட்டாலே பேசும். இது தெரியாதா?"ன்னாரு. நான் ரெண்டு வாரம் படிச்சது.

ஸ்டூடியோ வாசல்ல செருப்பக் கழட்டினாரு. "இது என்ன கோயிலா, செருப்ப ஏன் கழட்டுறீங்க?"ன்னு கத்திட்டேன்.

"சும்மா இருடா, பழகிப் போச்சு"ன்னாரு. அந்த வார்த்தை எனக்கு இன்னைக்கும் ஆகாது.

தப்ப அடிக்கிறதுக்கு முன்னால தீயில காட்டணும். மலைக் குளிர்ல தோலு தளந்துரும், சூடேத்தினாத்தான் விம்மும். என் ஸ்டூடியோ ஒரு புடவைக் கடைக்கு மேல. பின்னால சந்துல இறங்கி, பேப்பரக் கொளுத்தித் தோலக் காட்டிக்கிட்டிருந்தாரு அப்பா. கடை வச்சிருக்கிற முஸ்லிம் நானா பொகையப் பாத்துட்டு ஓடி வந்தாரு. "என்ன தம்பி இது, கடைய எரிக்கப் போறீங்களா?" வெசயத்தச் சொன்னதும் உள்ள போயி நாலு காலி அட்டைப் பெட்டியக் கொண்டாந்து போட்டாரு. "பேப்பர் என்னத்துக்கு ஆகும், இதப் போடுங்க, நின்னு எரியும்." போட்டுட்டு அங்கயே நின்னு, ஐயா ஒருக்கா அடிங்க பாப்போம்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு.

சூடு கால் மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள எடுக்கணும். மைக்க முதல்ல ஒரு சாண் தூரத்துல வச்சேன், கட்டைக் குச்சி மட்டும் வந்து மொகத்துல அறைஞ்சுச்சு. ஒரு முழம் பின்னால தள்ளி, நேரா வைக்காம, மெல்லிசுக் குச்சி விழுற ஓரத்தப் பாத்துச் சாச்சேன். வந்திருச்சு. நான் சின்னப்புள்ளையில அவரு இடுப்புப் பக்கம் நின்னு கேட்ட அதே சத்தம். சிம்பு தோல்ல பட்டு எழும்புற அந்தச் சின்ன ஒரசல் கூட வந்திருச்சு. அப்பா கண்ண மூடிக்கிட்டு, நின்னபடியே, நிறுத்தாம அடிச்சாரு. ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டிருந்த எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு, அவரு பாக்காம தொடச்சுக்கிட்டேன்.

முடிஞ்சதும் கேளுங்கப்பான்னு ஹெட்ஃபோன நீட்டினேன். வேணாம்னாரு. "காதுக்குள்ள சொருகிக் கேக்குறது ஒரு கேள்வியா? கோயில்ல பெருசாப் போடுவீங்கல்ல, அப்ப வெளிய நின்னு கேக்குறேன்." பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு தப்பத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

அடுத்த ஞாயித்துக்கெழம தோட்டத்துக்குப் போனேன், பாடுற பொம்பளைங்கள எடுக்க. பெரிய மைக், சின்ன மைக் ரெண்டையும் கொண்டு போனேன். பெருசு கொரலுக்கு, சின்னது மணிக்கும் ஜால்ராவுக்கும். மண்டபத்துல ஸ்டாண்ட் போட்டுச் சின்னத மாட்டினேன். தலைவர் அதச் சுத்திச் சுத்தி வந்து பாத்தாரு. "என்ன தம்பி, இத்துனூண்டு இருக்கு? இதுல என்ன விழும்?"

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "இத்துனூண்டா? இதுலதான் அப்பா தப்ப எடுத்தேன். பக்கத்துல நின்னு கேட்ட மாதிரி வந்திருக்கு, போட்டுக் காட்டுறேன் இருங்க"ன்னேன். தவள தன் வாயால கெட்ட கதை.

அவரு மொகம் மாறினத நான் பாக்கவே இல்ல. ப்ளக் தேடி மண்டபத்துக்குப் பின்னால போயிட்டேன். வயர இழுத்துக்கிட்டுத் திரும்பி வர்றேன், பூசாரி மைக் முன்னால நிக்கிறாரு. கையில செம்பு, வேப்பில. மஞ்சத்தண்ணி தெளிச்சு முடிச்சிட்டாரு. மைக் தலையில, சத்தம் போற அந்தச் சல்லட மேலயே, கரைச்ச சந்தனத்தக் கட்ட வெரலால அமுக்கி வச்சு, அதுக்கு நடுவுல குங்குமமும் வச்சிருந்தாரு. தண்டுல மூணு பட்டை துண்ணூறு.

"ஐயோ, என்னங்க பண்ணிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி, தப்புத் தோலுக்கு முன்னால இருந்ததுல்ல. ஆத்தா முன்னால வைக்கிறோம், சுத்தம் பண்ணிட்டேன். இனி நல்லா வேல செய்யும் பாருங்க."

பூசாரி கெட்டவரு இல்ல. அதத்தான் எனக்குத் தாங்க முடியல. பாசமாச் செஞ்சாரு. புது வேனுக்குச் சந்தனம் வைக்கிற மாதிரி, தையல் மிஷினுக்குப் பொட்டு வைக்கிற மாதிரி, மனசாரச் செஞ்சாரு. நான் அந்த மைக்கப் பாத்துக்கிட்டே நின்னேன். எங்கப்பன் இத்தனை வருசம் கையேந்தியும் கெடைக்காத வெரலு, வாங்கி ஒரு மாசமாகாத ஒரு தண்டுக்குக் கெடைச்சிருச்சு. அதுவும் எங்கப்பனுக்கு முன்னால நின்ன குத்தத்துக்கு.

கரண்ட் குடுத்தேன். பட படன்னு பொரிஞ்சுச்சு, அப்புறம் ஊமையாயிருச்சு. மண்டபத்து மூலையில உக்காந்து தலையக் கழட்டிப் பாத்தேன். சந்தனத் தண்ணி சல்லடையக் கடந்து உள்ள எறங்கி, தங்க நெறத்துல இருந்த அந்தச் சின்னத் தோல்ல ஒட்டிக்கிச்சு. பஞ்சால ஒத்தி எடுக்கப் போனேன், தோலு பிஞ்சிருச்சு. தலை மட்டும் தனியாக் கெடைக்காதுன்னு கொழும்புப் பையன் ஃபோன்ல சொல்லிட்டான். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்க, இங்க பூசாரி வரம் குடுத்தே கொன்னுட்டாரு. அந்த மைக் தன் ஆயுசுல பதிவு பண்ணினது எங்கப்பா அடி ஒண்ணுதான்.

பெரிய மைக்குலயே பொம்பளைங்கள எடுத்துட்டு, சாயங்காலம் அப்பா இருக்கிற லயத்து வீட்டுக்குப் போயி அப்பாகிட்டச் சொன்னேன். "நனைஞ்ச தோலு பேசாது. லேசா சூடு காட்டிப் பாத்தியா?"ன்னாரு. வெளாட்டுக்குச் சொல்லல, நெசமாத்தான் கேட்டாரு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. மஞ்சத்தண்ணி எதுக்குத் தெளிச்சாங்கன்னு அவரு கேக்கல. நானும் சொல்லல.

ஆல்பத்த முடிச்சேன். பாட்டுக்கு முன்னாலயும் எடையிலயும் அப்பா அடி. தலைவர் பதுளைக்கே வந்து கேட்டாரு. "தம்பி! பக்கத்துல நின்னு அடிக்கிற மாதிரியே இருக்கு தம்பி! அந்தச் சின்னக் குச்சி கூட கேக்குது!" கைய புடிச்சுக் குலுக்கினாரு. அந்த நிமிசம் எனக்கு எல்லாக் கோவமும் போயிருச்சுன்னா பாத்துக்கங்க. புகழ்ச்சிக்கு மயங்காதவன் எவன் இருக்கான். அட்டையில "தப்பு"ன்னு போட்டு அப்பா பேரப் போடணும்னேன். "எடமிருந்தாப் போடலாம் தம்பி"ன்னாரு. எடமில்லாமப் போச்சு. ஆனா போகும்போது ஒண்ணு கேட்டாரு. "அந்தத் தப்ப மட்டும் தனியா ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தாங்க. பாட்டு இல்லாம, நீளமா, நிக்காம ஓடுற மாதிரி. திருவிழா அறிவிப்பு ஆட்டோவுக்கு ஆகும்."

நான் சந்தோசமா உக்காந்து செஞ்சேன். கால் மணி நேர அடிய வெட்டி, ஒட்டின எடம் தெரியாம முனைய முனையோட சேத்து, ரெண்டு மணி நேரத்துக்கு இழுத்தேன். என் தொழில்ல அதவிடச் சுத்தமா ஒரு வேல நான் செஞ்சதில்ல. சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதான்.

திருவிழா அன்னிக்குப் பதுளையிலருந்து ரெண்டு பஸ் மாறிப் போனேன், வண்டிதான் இல்லையே. தோட்டத்துச் சந்தியில எறங்கினதுமே சத்தம் கேட்டுச்சு. சாமி வெளிய வந்திருச்சு. மெல்லிசுக் குச்சி மலை முழுக்கப் பேசுது. ஆகா, அப்பா இன்னைக்கு நல்லா வெளுத்து வாங்குறாருன்னு நெனச்சுக்கிட்டே குறுக்கு வழியில ஏறினேன். மேல் வளைவு வரும்போதுதான் என்னமோ உறுத்துச்சு. ஒரு எடத்துல அவரு கொஞ்சம் இழுத்து, மூச்சு வாங்கி, அப்புறம் திரும்புவாரு. அந்த இழுப்பு வந்துச்சு. கால் மணி நேரம் ஏறினப்புறம் அச்சு மாறாம அதே இழுப்பு திரும்பவும் வந்துச்சு. கோயில் பக்கம் போகாம நேரா லயத்துக்கு ஓடினேன்.

அப்பா வாசப்படியில உக்காந்திருந்தாரு. வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டை, தோள்ல செவப்புத் துண்டு. காலையில குளிச்சு, உடுத்தி, தப்பக் காச்சி, தயாராத்தான் இருந்திருக்காரு. தப்பு செவுத்துல சாஞ்சிருந்துச்சு, ரெண்டு குச்சியும் அவரு மடியில இருந்துச்சு.

"என்னப்பா, போகல?"

"தலைவரு வந்தாரு. வயசான காலத்துல ஒனக்கெதுக்குச் செரமம், அதான் ஒம் மவன் நல்லாப் புடிச்சுக் குடுத்துட்டானேன்னாரு. லொறியில ஸ்பீக்கர் பொட்டி கட்டி, சாமிக்கு முன்னாலயே விட்டிருக்காங்களாம்." மடியில இருந்த ரெண்டு குச்சியையும் நேராக்கி வச்சாரு. "மண்டபத்துக்குள்ளயும் அதான் போடுறாங்களாம்."

எந்த மைக்க வாங்கினேன் நான்? டின்னு சத்தம் வர்ற மைக்கா இருந்திருந்தா, அந்தப் பளபளன்னு இருந்த பெருசா இருந்திருந்தா, இது சரியில்ல, தப்புக்காரன கூப்புடுன்னு இன்னைக்கும் ஆள் விட்டிருப்பாங்க. உள்ளத உள்ளபடி புடிச்சுக் குடுத்தேன். இனி உள்ளவரு எதுக்கு அவங்களுக்கு?

"நான் போயி அந்த பென்டிரைவப் புடுங்கி எறிஞ்சிட்டு வர்றேன்"னு எந்திரிச்சேன்.

கையப் புடிச்சுக்கிட்டாரு. நெசமாவே பலமாப் புடிச்சாரு. "உக்காருடா. சாமி ரோட்டுல நிக்குது. அடி பாதியில நிக்கக் கூடாது."

"அது நீங்க அடிக்கிறது இல்லப்பா!"

"யாரு அடிச்சா என்ன? சாமி வெளிய வந்தா, உள்ள போற வரைக்கும் நிக்கக் கூடாது. நா ஒரு நாளும் நிப்பாட்டினதில்ல. நீ நிப்பாட்டாத."

உக்காந்தேன். வேற என்ன செய்ய? சத்தம் தேயிலை மேல ஏறி வந்துக்கிட்டே இருந்துச்சு. அப்பா தலையச் சாச்சுக் கேட்டாரு. மடியில இருந்த மெல்லிசுக் குச்சி மேல அவரு வெரலு லேசாத் துடிச்சுக்கிட்டிருந்துச்சு. ஊர்வலம் கோயில் வாசலுக்கு வந்திருச்சுன்னு சனத்தோட சத்தத்துலயே தெரிஞ்சுச்சு. அப்பா எப்பவும் நிக்கிற எடம் அது. அடி நிக்கல. மண்டபத்து ஸ்பீக்கர்லருந்து அதே அடி எழும்பி உள்ள போச்சு.

"நல்லா அடிக்கிறான்டா"ன்னாரு அப்பா. "மெல்லிசுக் குச்சி சுத்தமாக் கேக்குது. இவனுக்குக் கை வலிக்காது. தீட்டும் கெடையாது."

அப்புறம் துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சுக்கிட்டு, உள்ள போயி, அந்த வெள்ளச் சட்டையக் கழட்டி மடிச்சு வச்சாரு.